என் கல்லீரலும் அதன் ஆலோசகர்களும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்கு மாதம் ஒருமுறை தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. டான்சிலை வெட்டி எடுத்துவிடலாம் என்று திண்டுக்கல்லில் ஒரு சிறிய நர்சிங் ஹோம் டாக்டர் முடிவு செய்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென், பாசிட்டிவ். வடக்கே வடமதுரையையும் மேற்கே செம்பட்டியையும் தாண்டியிராத என் உடம்புக்குள் ஒரு கண்டமே வந்து குடியிருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்து அப்பாவிடம் கொடுத்தார். காமாலைக் கிருமி ரத்தத்தில் இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். நாங்கள் எழுந்திருக்கும்போதே நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துடைக்கச் சொல்லி நர்ஸுக்குக் கண்ணைக் காட்டினார். நாங்கள் வாசலைத் தாண்டும்வரைகூடப் பொறுக்க முடியாத அளவுக்குச் சுத்தம் பார்க்கிற மனிதர். டான்சில் இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அதை யாரும் விசாரிக்கவில்லை.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே நாள்முழுக்க நின்றுகொண்டே பயணம் செய்கிறவர். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தெருவில் இருந்தாள். அத்தைக்கு மருத்துவம் தெரியாது என்று அவளிடம் எடுத்துச்சொல்ல ஆளில்லாததால், தெரியும் என்றே அவள் வாழ்ந்துவந்தாள். தாள் வீட்டுக்கு வந்த செத்த நேரத்தில் அத்தையும் வந்தாள். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்ற விசாரணை அன்றைக்கே தொடங்கியது.

பள்ளிக்கூட வாசலில் விற்கும் உப்புத் தடவிய நெல்லிக்காய் முதல் குற்றவாளி. அப்புறம் குச்சி ஐஸ். அப்புறம் எனக்குக் காது குத்திய ஆசாரியின் கம்பி. ஒவ்வொன்றாக விசாரித்து விடுதலை செய்த பிறகு, அத்தை கடைசியாக அகரத்துத் தண்ணீரில் வந்து நின்றாள். அகரம் என் அம்மா பிறந்த ஊர். லீவுக்கு அங்கே போய் நான் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தது நிரூபிக்கப்பட்டது. அதே தண்ணீரை இருபது வருஷம் குடித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா நோய்நொடி இல்லாமல் எதிரே கல்லுப்போல நின்றிருந்தாள். அவளை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது சிகிச்சை. மதுரை டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் இருந்தது. அதுவரை கல்லீரலைச் சும்மா விட்டுவைக்க அத்தைக்கு மனசில்லை. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தாள். சாப்பாட்டில் உப்பு நிறுத்தப்பட்டது, எண்ணெய் நிறுத்தப்பட்டது, கறி மீன் நிறுத்தப்பட்டது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ற பெயரில் வேகவைத்த சுரைக்காய் வந்தது. திண்டுக்கல்லில் வசித்துக்கொண்டு மத்தியான நேரத்தில் பிரியாணிக் கடைகளைத் தாண்டி மூக்கை மூடிக்கொண்டு நடப்பது எப்படி என்று பத்து வயதில் நான் கற்றேன்.

வடமதுரைப் பக்கம் காமாலைக்கு மந்திரிக்கிறவர் ஒருவர் இருந்தார். என்னையும் அம்மாவையும் அங்கே அத்தைதான் கூட்டிப்போனாள். அவர் என் கண்ணை விரித்துப் பார்த்தார். கண் வெள்ளையாக இருந்தது. நாக்கைப் பார்த்தார். நாக்கும் ஒழுங்காக இருந்தது. எனக்குக் காமாலையே வரவில்லை, கிருமிதான் இருக்கிறது என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அவர் அதையெல்லாம் பெரிதுபடுத்துகிற ஆளில்லை. என் கையில் எதையோ பூசி, ஒரு வெண்கலக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாக மாறியது. இல்லாத காமாலையை இம்புட்டு எடுத்தாச்சு, இன்னும் இரண்டு தடவை வந்தால் முழுதாக எடுத்துவிடலாம் என்றார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் என் உடம்பிலிருந்து வந்த மஞ்சளின் அளவைக் கையால் காட்டிக்கொண்டே வந்தாள்.

எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக ஒதுக்கப்பட்டன. அத்தையின் ஏற்பாடுதான். தட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறப்பட்டது. அதில் நான் மட்டும் சாப்பிட வேண்டும், அதைத் தனியாகக் கழுவ வேண்டும். ஆனால் மதுரைக்குப் போய்வந்த பிறகு ஒரு விஷயத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பா வேலைக்குப் போன பிறகு, நான் மிச்சம் வைத்த சோற்றை அம்மா அந்தத் தட்டிலேயே, என் எச்சில் பக்கமாகவே உட்கார்ந்து சாப்பிடுவாள். அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். சோறு வீணாகக் கூடாதென்று சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா செய்த ஒரே தப்பு, என் வகுப்பு டீச்சரிடம் உண்மையைச் சொன்னது. டீச்சர் மிகவும் பரிவாகக் கேட்டுக்கொண்டாராம். மறுநாள் முதல் எனக்கு ஜன்னலோரம் ஒரு தனி பெஞ்ச் கிடைத்தது. நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சில் நான் ஒருத்தி, கை காலை நீட்டிக்கொண்டு, ஜமீன் வாரிசு போல உட்கார்ந்திருந்தேன். பானைத் தண்ணீரை நான் தொடக் கூடாது. விளையாட்டு நேரத்தில் யாரும் என் கையைப் பிடிப்பதில்லை. பேச ஆளில்லாததால் பாடத்தைக் கவனித்தேன். அந்த வருஷம் முதல் ரேங்க் வாங்கினேன். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என் முன்னேற்றத்துக்குத் தன் கண்டிப்பே காரணம் என்றார்.

மதுரை டாக்டர் வயதானவர், சிக்கனமாகப் பேசுகிறவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். கல்லீரல் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, கிருமி உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது, மருந்து ஒன்றும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார். தட்டு, டம்ளர், பெஞ்ச் வழியாக இது ஒட்டாது என்றும் சொன்னார். உப்புப் போட்டுச் சாப்பிடட்டும், எல்லாம் சாப்பிடட்டும் என்றார்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மதுரைவரை வந்து வெறுங்கையோடு திரும்புவதா?

"சார், ஒரு டானிக்காவது எழுதிக் குடுங்க."

டாக்டர் ஏதோ ஒரு விட்டமினை எழுதிக்கொடுத்தார். அப்பா நிம்மதியாக அதை வாங்க மருந்துக் கடை வரிசையில் போய் நின்றார். அந்த இடைவெளியில் டாக்டர் அம்மாவை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து அம்மா வெளியே வந்தபோது சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். நல்லாப் படிக்கச் சொன்னார் என்றாள்.

உப்பும் எண்ணெயும் திரும்பி வந்தன. பெருக்கல் குறித் தட்டு மட்டும் போகவில்லை. பெரிய டாக்டருக்கு வீட்டு நடைமுறை தெரியாது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானும் அம்மாவும் மதுரைக்குப் போய் வந்தோம். ஒரு தடவைகூட அம்மா தவறவிட்டதில்லை. தீபாவளிக்கு ஜாக்கெட் குவிந்து கிடக்கும்போதுகூட மிஷினை மூடிவிட்டு வருவாள்.

பத்து வருஷம் இப்படியே ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் உயிர்வேதியியல் முதுகலைக்கு வந்தேன். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு செமினார் எடுக்க வேண்டும். அந்த வருஷம் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்தான் எல்லோர் வாயிலும். உலகத்தில் எந்த நோயைச் சொன்னாலும் அதற்கு முன்னால் அதை ஒட்டிவிட்டால் தலைப்பு தயார். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், முதுமை எல்லாவற்றையும் நன்றாகப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் கடைசியில் யாரும் தொடாத ஒன்று இருந்தது. குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட வைரஸ் கல்லீரல் அழற்சியில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தின் பங்கு. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் என் பெயரை அதற்கு நேரே எழுதினேன். என் ரத்தம் பற்றி வகுப்பில் யாருக்கும் தெரியாது. தனி பெஞ்சின் சுகத்தை இரண்டாம் முறை அனுபவிக்க எனக்கு விருப்பமில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு வைத்த பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு மாதம் படித்தேன். மற்ற தடுப்புகளுக்குள் காதல் நடந்துகொண்டிருந்தது. நான் என் கல்லீரலைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வைரஸ் நேரடியாகச் செல்களைக் கொல்வதில்லை என்று அங்கேதான் தெரிந்தது. அது உள்ளே புகுந்து வருஷக்கணக்கில் குடியிருக்கும். குழந்தையின் உடம்பு அதை முதலில் கண்டுகொள்வதே இல்லை. ஒருநாள் விழித்துக்கொண்டு சண்டைக்குப் போகும்போதுதான் ஆபத்து. அந்தச் சண்டையில் கட்டுக்கடங்காத ஆக்ஸிஜன் துணுக்குகள் பிறக்கின்றன; ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்பது இதைத்தான். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிற புத்தி அவற்றுக்கு. செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பை அவை உடைக்கின்றன. அவற்றை அடக்கக் கல்லீரல் குளுட்டாதயோன் என்ற ஒன்றைத் தானே தயாரித்து வைத்திருக்கிறது. சண்டை நீள நீள அந்த இருப்பு கரைகிறது. சேதம் மிஞ்சும் இடத்தில் தழும்பு விழுகிறது. இவ்வளவும் நடக்கும்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டு, விளையாடிக்கொண்டு, பார்க்க நன்றாகவே இருக்கும். வலி கிடையாது. கல்லீரலுக்குப் புகார் சொல்லும் பழக்கமே இல்லை.

துணுக்குகளை அடக்கும் என்று குழந்தைகளுக்கு விட்டமின் ஈ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலர் பலன் தெரிகிறது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். மேலும் ஆய்வு தேவை என்று எல்லோரும் ஒற்றுமையாக முடித்திருந்தார்கள். மதுரை டாக்டர் அப்பாவுக்காக எழுதிக்கொடுத்த விட்டமின் எது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

இதே சமயத்தில் அத்தையும் அந்தத் துறைக்குள் வந்துவிட்டாள். ஆளுக்கு ஆள் சேர்த்துவிடும் சங்கிலி வியாபாரம் ஒன்று ஊருக்குள் பரவியிருந்தது. ஏதோ தீவில் விளையும் பழத்தின் ஜூஸ், கறுப்புப் பாட்டில். அதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று ஒரு ஓட்டலின் மாடியில் டை கட்டிய ஒருவர் மைக் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அத்தை அந்தச் சொல்லை ஆண்டியாக்சிடென்ட் என்று சொல்வாள். ஆக்சிடென்ட்டே வராமல் தடுக்கும் என்றுதான் அப்பாவுக்கும் முதல் பாட்டிலை விற்றாள். பஸ்ஸில் வேலை பார்க்கிறவர், மறுக்க முடியவில்லை.

எனக்கும் இரண்டு பாட்டில் வந்தது. நான் ஒரு மாதமாகப் படித்ததையெல்லாம் சொல்லி, இதற்குச் சான்று இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

"நீ புஸ்தகத்துல படிச்சத, நான் மீட்டிங்லயே கேட்டுட்டேன் ஆத்தா," என்றாள்.

செமினார் நன்றாகப் போனது. திரையில் காட்டும் கண்ணாடித் தாள்களை வரிசையாக வைத்து, அம்புக்குறிகளோடு விளக்கினேன். துணுக்குகள், கொழுப்பு, குளுட்டாதயோன், தழும்பு. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வருகிறது என்ற வரியையும் படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதியது நான், தாளில் எழுதியது நான், வாய்விட்டுப் படித்தது நான். அது யாரைப் பற்றியது என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை. முதல் ரேங்க் வாங்கியவளின் புத்தி அப்படி.

முடித்ததும் எங்கள் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கடுமையில்லாமல்தான் கேட்டார்.

"குழந்தையோட கல்லீரல்ல என்ன நடக்குதுன்னு சொல்லிட்ட. அந்த அம்மாவோட கல்லீரல்ல என்ன நடக்குது? அவங்க குழந்தையவிட இருபது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சவங்க இல்லையா?"

அது என் தலைப்பில் இல்லை மேடம் என்றேன். வகுப்பு சிரித்தது. நான் அந்த வரி இருந்த தாளைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். மார்க் நல்ல மார்க்தான்.

அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா யாருடையதோ கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வர நேரமிருந்தது. எதிரே தரையில் உட்கார்ந்து, எனக்கு இது எப்படி வந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது என்றேன். பிறக்கும்போது வருவது என்றேன். நீ ஒருதடவை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். எதற்கும் தேவை இருக்கவில்லை. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்பருந்து?"

"நீ அஞ்சாவது படிக்கையில. மதுர டாக்டரு என்னையும் பாக்கச் சொன்னாரு. சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு, இங்கனயே ஒரு லேப்ல குடுத்தேன். இருக்குன்னாக. தாள அடுப்புல போட்டுட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. அகரத்துத் தண்ணீருக்கே அந்தப் பாடு. தண்ணீர் இல்லை, பெண்ணேதான் என்று தெரிந்திருந்தால் அத்தை என்ன செய்திருப்பாள் என்பதை அம்மா அந்தப் பதினைந்து நாளிலேயே கணித்திருந்தாள். ஜாக்கெட் தைக்க யார் துணி கொடுப்பார்கள், பெட்டியோடு அகரத்துக்கு அனுப்பிவிட்டால் என்னை மதுரைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என்னால் பிள்ளைக்கு வந்தது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்திருக்கிறாள். அந்தத் தட்டில் அவள் சாப்பிட்டது சோற்றுக்காக இல்லை. அவளுக்கும் அதே தட்டு உரியதுதான் என்று வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"அப்ப ஒனக்கு யார் பாத்தா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே. வலியா, ஒண்ணா?"

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சமாதானத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பத்து வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் டாக்டரின் அறைக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் காட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஒருதடவைகூடத் தன் கையை நீட்டவில்லை. டாக்டர் இரண்டொரு முறை கேட்டாராம், பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று பொய் சொன்னாளாம். நான் ஒரு மாதமாக அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டிருந்தது எனக்கு மூன்று அடி தள்ளி, கொக்கி தைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அழுதேன். அம்மா அழவில்லை. ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த டிக்கெட் கட்டை எடுத்து மேசையில் வைத்தார், திரும்பப் பைக்குள் வைத்தார். மறுநாளே லீவு சொல்லிவிட்டார். மதுரைக்குப் போகும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். புதியவர் ஸ்கேன் எடுத்தார். அம்மாவின் கல்லீரலில் தழும்பு தொடங்கியிருந்தது. முற்றவில்லை, ஆனால் தொடங்கியிருந்தது. கிருமியும் நிறைய இருந்தது. தினம் ஒரு மாத்திரை, ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்றார். இன்னும் சில வருஷம் போயிருந்தால் வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் வந்திருப்பீர்கள் என்றார். அப்பாவுக்கும் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. அவருக்குத் தடுப்பூசி போட்டார்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஊசி போடும் பெண்ணிடம், இதை முதலிலேயே போட்டிருக்கலாமோ என்று கேட்டார். அவள் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் அத்தை ஜூஸ் பாட்டிலோடு வந்தாள். நானும் அப்பாவும் எப்படிச் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"மதினி, அகரத்துத் தண்ணி இல்ல. எனக்குத்தான் இருந்துச்சு. எங்கிட்ட இருந்துதான் இவளுக்கு வந்திருக்கு. நான் இப்ப மாத்திர சாப்புடுறேன்."

அத்தை பாட்டிலை விற்காமலே எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளை நான் அறிந்த காலத்தில் அது முதல் தடவை. தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். தெருவில் யாரும் எங்களை ஒருமாதிரி பார்க்கவில்லை. எட்டாம் நாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், ஆனால் திண்டுக்கல்லில் வேண்டாம் என்றாள். இத்தனை வருஷம் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறாளாம். சாப்பாட்டில் வராது என்று சொன்னேன். எதற்கும் பார்த்துவிடலாம் என்றாள். லேபில் ஊசியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் குறி போட்டவள் பிடித்த அந்தப் பிடி வலித்தது.

முடிவு நெகட்டிவ். அத்தை பாஸான பிள்ளையைப் போலத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். எல்லாம் ஜூஸ் செய்த வேலை என்றாள். அந்த மாதம் மட்டும் அவள் வியாபாரம் சூடு பிடித்தது என்று கேள்வி. ஆனால் அம்மாவின் விஷயத்தை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. தட்டு எப்போது காணாமல் போனது என்றும் எனக்குத் தெரியாது.

படிப்பு முடிந்து நான் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது ஜாதகத்தில் இருபத்தேழு நட்சத்திரத்தையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ரத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். இரண்டு ஜாதகம் அதோடு பொருந்தாமல் போனது. மூன்றாவதாக ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர், நான் பேசி முடிக்கும்வரை காபியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்கப்பா போட்டுக்கிட்ட ஊசிய நானும் போட்டுக்கலாமுங்களா?" என்றார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டார். நான் கட்டிக்கொண்டது அவரைத்தான்.

குழந்தை உண்டானதும் மதுரை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இரண்டு ஊசி போட வேண்டும். ஒன்று எங்கேயும் கிடைக்கும் தடுப்பூசி. இன்னொன்று தயாராக இருக்கும் எதிர்ப்புச் சத்து. அது எல்லாக் கடையிலும் இருக்காது, குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வலி எடுத்த அன்று காலையில் அப்பா மதுரைக்குக் கிளம்பினார். மத்தியானம் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அந்தச் சின்னப் பாட்டிலை ஒரு டிபன் கேரியரில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் அவருக்குத் தெரிந்த பையன்தானாம். வெஞ்சனமா என்று கேட்டானாம். ஆமாம், சூடாகக் கூடாத வெஞ்சனம் என்றாராம். சாயங்காலம் மகள் பிறந்தாள். காபி ஆறுவதற்குள் இரண்டு தொடையிலும் ஊசி ஏறிவிட்டது. நான் பிறந்தபோது இப்படியொரு பாட்டில் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குக் கிடைத்தது கீழாநெல்லி.

அவளுக்கு ஒரு வயது தாண்டியபோது ரத்தம் எடுத்துப் பார்த்தோம். நான் வேலை செய்யும் இடத்திலேயே எடுத்தோம். ஊசியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். கிருமி இல்லை. எதிர்ப்புச் சத்து இருந்தது. அம்மாவும் கூட வந்திருந்தாள். இத்தனை வருஷ மாத்திரையில் அவளுடைய கிருமி எண்ணிக்கை இறங்கியிருந்தது. பேத்திக்குக் கிருமி இல்லை என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னொருதடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். குழந்தை ஊசி வலியில் கத்திக்கொண்டே வந்தாள். பிள்ளைக்கு என்ன என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். பத்து வருஷம் பெற்ற மகளிடம்கூட வாயைத் திறக்காத அம்மா முன்பக்கம் சாய்ந்தாள்.

"எனக்கு இருக்குப்பா. எம் மகளுக்கு இருக்கு. பேத்திக்கு இல்ல."

"என்னம்மா, சுகரா?" என்றார் அவர்.

சுகர் இல்லை, கல்லீரல் என்று அம்மா முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.